மீன்கண் லென்ஸ்: எதை வளைக்கிறது, எதை விட்டுவைக்கிறது

“இந்தப் படத்தில் கட்டடமெல்லாம் கோணிக்கொண்டு நிற்கிறதே, மட்டமான லென்ஸ் போலிருக்கிறது” என்பார் ஒருவர். “லென்ஸில் குறையில்லை, வைடு லென்ஸ் என்றாலே அப்படித்தான் வளைக்கும், கணினியில் போட்டு நேராக்கிவிடலாம்” என்பார் இன்னொருவர். மீனுக்கு உலகம் அப்படித்தான் தெரியும் என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். மீன்கண் லென்ஸைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சம்தான் ஆளைக் குழப்புகிறது.

இன்று சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சிறிய மீன்கண் லென்ஸ்கள் கிடைக்கின்றன. வாங்குகிறவர்கள் முதல் வாரம் கண்ணில் பட்டதையெல்லாம் வளைத்து வளைத்துப் படமெடுக்கிறார்கள். அடுத்த வாரம் எல்லாப் படமும் ஒரே மாதிரி இருப்பதாகத் தோன்ற, லென்ஸ் அலமாரிக்குப் போய்விடுகிறது. வளைவு எங்கே வரும், எங்கே வராது என்று தெரியாமல் எடுத்தால் அப்படித்தான் ஆகும். அதைத் தெரிந்துகொள்ள முக்கோணவியல் வேண்டியதில்லை. ஒரு குடை போதும்.

அகலமும் வளைவும் ஒன்றல்ல

முதலில் மூன்று சொற்கள். கேமராவுக்குள் படம் விழும் செவ்வகச் சில்லுக்கு சென்சார் என்று பெயர். அந்தச் செவ்வகத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை எவ்வளவு உலகம் அடங்குகிறது என்பதைப் பாகையில் சொன்னால் அது பார்வைக் கோணம். லென்ஸின் மேல் 9 மி.மீ., 50 மி.மீ. என்று பொறித்திருப்பது குவியத் தூரம். எதிரே இருக்கும் பொருளின் உருவம் சென்சாரில் எவ்வளவு பெரிதாக விழும் என்பதை அது தீர்மானிக்கிறது. எண் சிறுத்தால் உருவமும் சிறுக்கும். அந்த அளவுக்குக் கூடுதல் உலகம் உள்ளே வரும்.

இதுவரை பலருக்கும் தெரியும். அடுத்த படியில்தான் சறுக்குகிறார்கள்: குவியத் தூரம் ஒன்றாக இருந்தால் பார்வைக் கோணமும் ஒன்றாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் எனப்படும் சிறிய சென்சார் கேமராக்களைப் பாருங்கள். அந்தச் சென்சாரின் மூலைவிட்டம் ஏறத்தாழ 21.6 மி.மீ. பானசோனிக் 2022-இல் அந்த வகைக் கேமராக்களுக்கு வெளியிட்ட 9 மி.மீ. அகலக்கோண லென்ஸின் பார்வைக் கோணம் 100 பாகை. அதே கேமராக்களுக்கு ஒலிம்பஸ் 2014-இல் வெளியிட்ட 9 மி.மீ. மீன்கண் லென்ஸின் பார்வைக் கோணம் 140 பாகை. அதே சென்சார், அதே 9. ஆனால் ஒன்றில் 40 பாகை கூடுதலாகத் தெரிகிறது.

பானசோனிக் லென்ஸ் கட்டடத்தின் நேர்க்கோடுகளை நேராகவே வைத்துக்கொள்கிறது. இப்படிப்பட்டவற்றை நேர்க்கோட்டு லென்ஸ் என்று அழைப்போம். கடையில் ரெக்டிலீனியர் என்பார்கள். உங்கள் கைபேசியின் முதன்மை லென்ஸ் உட்பட அன்றாடம் புழங்கும் லென்ஸ்களில் பெரும்பாலானவை இந்த இனம்தான். மீன்கண் லென்ஸ் அந்த நேர்மையை விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக 40 பாகையை வாங்கிக்கொள்கிறது. இதை விபத்து என்று சொல்ல முடியாது. லென்ஸை வடிவமைப்பவர் தெரிந்தே செய்துகொள்ளும் பண்டமாற்று இது.

குடையைத் தட்டையாக்குவது எப்படி?

குழந்தைகள் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் குடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆழமாகக் குழிந்து, ஏறத்தாழ அரைக்கோளமாக இருக்கும்; ஒளி ஊடுருவும். அதை மழைக்குப் பிடிப்பதுபோல மேல்நோக்கிப் பிடிக்காமல், உச்சி எதிரே பார்க்கும்படி படுக்கைவாட்டில் பிடித்து, தலையைக் குழிவின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எதிரே தெரியும் தெரு, மரம், வீடு எல்லாவற்றையும் குடையின் உட்புறத்தில் பேனாவால் அப்படியே தடம் பிடித்து வரைந்துவிட்டால், உங்கள் முன்னால் இருக்கும் 180 பாகை உலகமும் குடைத் துணியில் இருக்கும். உச்சியில் இருப்பது நேர் எதிரே உள்ளது. விளிம்பில் இருப்பது உங்கள் காதுக்கு நேரே, பக்கவாட்டில் உள்ளது.

சென்சாரோ தட்டையானது. குழிந்த குடையில் உள்ள ஓவியத்தைத் தட்டையான பரப்புக்கு மாற்ற வேண்டும். எந்த விதிப்படி மாற்றுவது என்பதைத்தான் ஒளியியலில் புரொஜெக்‌ஷன் என்கிறார்கள். இங்கே விரிப்பு முறை என்று வைத்துக்கொள்வோம்.

முதல் முறை, நிழல் விழச்செய்வது. உங்கள் தலை இருந்த இடத்தில் சிறு விளக்கை வைத்து, குடையின் உச்சியைத் தொடும்படி ஒரு சுவரை நிறுத்துங்கள். குடையில் வரைந்த கோடுகளின் நிழல் சுவரில் விழும். உலகத்தில் நேராக இருந்த கோடு சுவரிலும் நேராகவே விழும். நேர்க்கோட்டு லென்ஸ் செய்வது இதைத்தான். ஆனால் விலையைப் பாருங்கள். விளக்குக்கும் சுவருக்கும் இடையே 1 மீட்டர் என்றால், உச்சியிலிருந்து 45 பாகை விலகிய புள்ளி சுவரின் நடுவிலிருந்து 1 மீட்டரில் விழும். 60 பாகைப் புள்ளி 1.73 மீட்டரில். 80 பாகைப் புள்ளி 5.67 மீட்டரில். 89 பாகைப் புள்ளி 57 மீட்டருக்கு அப்பால். 90 பாகையில் இருக்கும் விளிம்பிலிருந்து புறப்படும் ஒளி சுவருக்கு இணையாகவே ஓடிக்கொண்டிருக்கும். சுவரைத் தொடவே தொடாது. எவ்வளவு பணம் கொட்டினாலும் 180 பாகை காட்டும் நேர்க்கோட்டு லென்ஸைச் செய்ய முடியாததற்குக் காரணம் இதுதான்.

100 பாகையிலேயே அந்த இழுவை தெரியத் தொடங்கிவிடுகிறது. அந்தப் படத்தின் மூலையில் இருக்கும் பொருள், நடுவில் இருப்பதைவிட வெளிநோக்கி ஏறத்தாழ 2.4 மடங்கு இழுபட்டிருக்கும். கல்யாண வீட்டில் அகலக்கோண லென்ஸில் எடுத்த குழுப் படத்தில் ஓரத்தில் நின்றவர்கள் ஊதிப்போய்த் தெரிவது அதனால்தான். நேர்க்கோட்டு லென்ஸுக்கு உருக்குலைவே கிடையாது என்று நினைப்பவர்கள் அந்த ஓரத்து மாமாவைக் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது முறை, குடைக் கம்பிகளை நிமிர்த்திவிடுவது. வளைந்த கம்பி ஒவ்வொன்றையும் அதன் நீளம் மாறாமல் நேராக்கித் தரையோடு தரையாகப் பரப்புங்கள். இப்போது 45 பாகைப் புள்ளி கம்பியின் சரிபாதியில் இருக்கும், 90 பாகைப் புள்ளி கம்பியின் நுனியில் இருக்கும். விளிம்பு வரை எதுவும் நழுவி ஓடவில்லை. முழு அரைக்கோளமும் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிட்டது. ஆனால் கம்பிகளுக்கு இடையிலுள்ள துணி சும்மா இருக்காது. குழிவாக இருந்தபோது இருந்ததைவிட, தட்டையானபின் விளிம்பின் சுற்றளவு 1.57 மடங்கு ஆகிவிடும். துணி பக்கவாட்டில் இழுபட்டே ஆக வேண்டும். அந்த இழுப்பில்தான் துணியில் வரைந்த சன்னலும் தூணும் வளைகின்றன.

மீன்கண் லென்ஸ் என்பது இந்த இரண்டாம் வகை விரிப்பைக் கண்ணாடியில் செய்துகாட்டுவது. அதிலும் சில உட்பிரிவுகள் உண்டு. கம்பியின் நீளத்தை மாற்றாமல் காப்பது ஒன்று. வானத்தை அளக்கிறவர்களுக்கு இது பிடிக்கும், ஏனென்றால் நடுவிலிருந்து உள்ள தூரத்தை அளந்தால் கோணம் கிடைத்துவிடும். துணியின் பரப்பைக் காப்பது இன்னொன்று. விளிம்பருகே கம்பியைக் கொஞ்சம் சுருக்கி, பக்கவாட்டு இழுப்பை ஈடுகட்டிவிடும். படமெடுப்பதற்கென்று விற்கும் மீன்கண் லென்ஸ்களில் பல இந்தச் சமபரப்பு முறையை ஒட்டியே இருக்கின்றன. தொடக்கக்காரர் இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதுவரை பார்த்ததை ஒருமுறை தொகுத்துக்கொள்வோம். குழிந்த காட்சியைத் தட்டையாக்கும்போது ஏதாவதொன்று இழுபட்டே தீரும். நேர்க்கோட்டு லென்ஸ் கோடுகளைக் காப்பாற்றி, ஓரத்து உருவங்களை ஊதவைக்கிறது. மீன்கண் லென்ஸ் அகலத்தைக் காப்பாற்றி, கோடுகளை வளைக்கிறது.

வளையாத கோடுகள்

மீன்கண் லென்ஸ் எல்லாவற்றையும் வளைக்கும் என்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறான நம்பிக்கை. குடைக்கே திரும்பிப் போங்கள். நிமிர்த்திய கம்பிகள் எப்படி இருந்தன? உச்சியிலிருந்து விளிம்பு வரை ஒவ்வொன்றும் ஊசிபோல நேராக இருந்தது. படத்தின் நடுப்புள்ளி வழியாகச் செல்லும் எந்தக் கோடும் மீன்கண் லென்ஸில் வளையாது. நடுவை விட்டு விலகிச் செல்லும் கோடு மட்டுமே வளையும். விலக விலக அதிகமாக வளையும். எப்போதும் வெளிப்புறம் நோக்கியே புடைக்கும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் முற்றத்தில், நந்தி மண்டபத்துக்கும் விமானத்துக்கும் இடையில் நின்றுகொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண லென்ஸில் அங்கிருந்து விமானம் அடங்காது; பின்னால் போகப் போக நந்தி குறுக்கே வந்துவிடும். மீன்கண் லென்ஸை மாட்டி, விமானத்தின் நடு அச்சு படத்தின் நடுப்புள்ளி வழியாகச் செல்லும்படி கேமராவை அண்ணாந்து பிடியுங்கள். விமானத்தின் அச்சு குண்டு நூல் பிடித்ததுபோல் நிற்கும். பார்க்கிறவருக்கு முதல் நொடியில் இது மீன்கண் படம் என்றே தோன்றாது. பிறகுதான், கீழே சுற்று மாளிகையின் கூரை இருபுறமும் மேல்நோக்கி வளைந்து முற்றத்தை ஏந்திக்கொண்டிருப்பது கண்ணில் படும். இப்போது கேமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்கள். விமானம் படத்தின் வலப்பாதிக்குப் போகும். போன உடனே வயிற்றை வலப்பக்கம் தள்ளிக்கொண்டு, உச்சியும் அடியும் உள்நோக்கிச் சாயும். ஆள் நகரவில்லை, கோயிலும் நகரவில்லை. மாறியது, நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்பது மட்டும்.

அடிவானத்துக்கும் இதே கணக்குதான். அது படத்தின் நட்டநடுவில் ஓடினால் நேர்க்கோடு. கேமராவைக் கீழே சாய்த்தால் அடிவானம் நடுவுக்கு மேலே போய், பூமி உருண்டையாகத் தெரியும்படி வில்லாக வளையும். மேலே சாய்த்தால் அடிவானம் கீழே இறங்கி, கிண்ணம்போல் குழியும். கடற்கரையில் எடுத்த படத்தைக் காட்டி “பூமி உருண்டை என்பது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது பாருங்கள்” என்று சொல்கிறவர்கள், அதே லென்ஸைச் சற்று மேலே சாய்த்து எடுத்த படத்தையும் காட்டினால் நியாயமாக இருக்கும்.

இன்னொரு வகைக் கோடும் வளையாமல் தப்பிக்கும். இது பலருக்குத் தெரியாது. நீங்கள் பார்க்கும் திசைக்கு இணையாக, உங்களிடமிருந்து விலகி ஓடும் கோடுகள். நீண்ட தாழ்வாரத்தின் நடுவில் நின்று அதன் மறுமுனையைப் பார்த்து எடுத்தால், தரையும் சுவரும் சேரும் கோடு, கூரையின் உத்தரம், ரயில் பெட்டியென்றால் சாமான் வைக்கும் மேல்தட்டின் விளிம்பு ஆகியவை நடுப்புள்ளியை நோக்கி ஒன்றுகூடுகின்றன. நடுப்புள்ளியை நோக்கிச் செல்வதால் அவையும் குடைக் கம்பிகளே, நேராக நிற்கும். பக்கத்திலிருக்கும் தூண்களும் சன்னல் சட்டங்களும் மட்டும் வளையும். மீன்கண் லென்ஸில் தாழ்வாரமும் ரயில் பெட்டியும் சுரங்கப்பாதையும் அழகாக அமைந்துவிடுவதற்கு இதுதான் காரணம். காட்டில் அந்தச் சிக்கலே இல்லை. மரக்கிளை வளைந்திருந்தால் லென்ஸைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது.

ஆக, நடுப்புள்ளியைத் தொடும் கோடு நேராக நிற்கும், தொடாதது வெளியே புடைக்கும். ஷட்டரை அழுத்துமுன் நடுப்புள்ளி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால், வளைவு உங்கள் கையில் இருக்கும்.

வட்டப் படமும் முழுப் படமும்

மீன்கண் லென்ஸ் விழச்செய்யும் காட்சி இயல்பாகவே வட்டமானது. அந்த வட்டம் முழுவதும் சென்சாருக்குள் அடங்கினால், கறுப்புப் பின்னணியில் வட்டப் படம் கிடைக்கும். வட்டம் சென்சாரைவிடப் பெரிதாகி, மூலைகளை மட்டும் தொட்டால், கறுப்பு இல்லாத முழுச் செவ்வகப் படம் கிடைக்கும். 180 பாகை மூலைக்கு மூலை மட்டுமே இருக்கும். முதலாவதற்கு வட்ட மீன்கண், இரண்டாவதற்கு மூலைவிட்ட மீன்கண் என்று பெயர்.

சமபரப்பு முறையில் 180 பாகை வட்டத்தின் விட்டம் குவியத் தூரத்தைப் போல் ஏறத்தாழ 2.83 மடங்கு. 24-க்கு 36 மி.மீ. சென்சாரில் 8 மி.மீ. லென்ஸ் 22.6 மி.மீ. வட்டத்தைத் தரும், 24-க்குள் அடங்குவதால் வட்ட மீன்கண். அதே சென்சாரில் 15 மி.மீ. லென்ஸ் 42.4 மி.மீ. வட்டத்தைத் தரும்; மூலைவிட்டம் 43.3 என்பதால் மூலைகள் ஏறத்தாழ நிரம்பிவிடும். கேனனின் 8–15 மி.மீ. மீன்கண் ஜூம் லென்ஸ் ஏன் சரியாக அந்த இரண்டு எண்களில் தொடங்கி முடிகிறது என்பது இப்போது புரியும்.

வட்டப் படம் பார்த்த மாத்திரத்தில் அசத்தும். பத்துப் படம் பார்த்தால் சலிக்கும். முதல் லென்ஸாக மூலைவிட்ட வகையையே வாங்கச் சொல்வேன்.

மீனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால், ஒளி விலகல் காரணமாக, மேலே உள்ள 180 பாகை உலகமும் ஏறத்தாழ 97 பாகைக் கூம்புக்குள் நெருக்கிக்கொண்டு தெரியும். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1906-இல் இதைப் படமாக்கிக் காட்டினார். நீர் நிரப்பிய கலத்துக்குள் ஒளிப்படத் தகட்டை வைத்து, மீனின் இடத்திலிருந்து மேலுலகம் எப்படி இருக்கும் என்று பதிவுசெய்தார். மீன்கண் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. லென்ஸ் போலி செய்வது மீனின் விழியை அல்ல, நீரின் மேற்பரப்பு செய்யும் வேலையை.

தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதால் கண்ணாடியில் செய்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ராபின் ஹில். 1924-இல் முழு வானத்தையும் ஒரே தகட்டில் பிடிக்கும் லென்ஸை அவர் விவரித்தார்; நோக்கம் மேகங்களைப் பதிவுசெய்வது. ஒளிச்சேர்க்கை பற்றிய பாடத்தில் ‘ஹில் வினை’ என்று வருமே, அந்த ஹில்தான் இவர். நெடுநாள் வரை இது வானிலையாளர்களின் கருவியாகவே இருந்தது. 1962-இல் நிக்கான் தன் 35 மி.மீ. ஃபிலிம் கேமராவுக்கு 8 மி.மீ. மீன்கண் லென்ஸைக் கழற்றி மாட்டும் வகையில் கொண்டுவந்தது. அதன் பின்புறம் கேமராவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் உள்ளிருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியை மேலே தூக்கிப் பூட்டிவிட்டு, தனி வியூஃபைண்டர் வழியாகக் குத்துமதிப்பாகப் பார்த்து எடுக்க வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 6 மி.மீ. லென்ஸ் 220 பாகை பார்க்கும், அதாவது தனக்குப் பின்னால் இருப்பதையும் கொஞ்சம் பார்த்துவிடும். எடை 5.2 கிலோ.

இன்னொரு கிளை சத்தமில்லாமல் வளர்ந்தது. அதே 1962-இல் ஆசாஹி, அதாவது பென்டாக்ஸ், 18 மி.மீ. குவியத் தூரமும் எஃப்11 என்னும் மிகச் சிறு துளையும் கொண்ட மீன்கண் லென்ஸ் ஒன்றை வெளியிட்டது. தட்டையான சிறிய லென்ஸ். வெளிச்சத்தை மிகக் குறைவாகவே உள்ளே விடும். இன்றைய குட்டி மீன்கண் லென்ஸ்களின் மூதாதை அது.

இவ்வளவு சிறிதாக எப்படிச் செய்கிறார்கள்?

லென்ஸின் துளை எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதை எஃப் எண்ணால் குறிப்பார்கள். எஃப்2 என்றால் அகலமான துளை, நிறைய வெளிச்சம். எஃப்8 என்றால் சிறு துளை, அதில் பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம். அகலத் துளைக்குப் பெரிய கண்ணாடிகளும், அவற்றின் பிழையைத் திருத்த மேலும் கண்ணாடிகளும் தேவை. எஃப்8-இல் நின்றுவிடத் துணிந்தால் எல்லாம் சுருங்கிவிடும்.

மேலே சொன்ன ஒலிம்பஸ் 9 மி.மீ. லென்ஸ் அந்தத் துணிச்சலின் எல்லை. தடிமன் 12.8 மி.மீ., எடை 30 கிராம். லென்ஸ் இல்லாதபோது கேமராவின் வாயை மூடும் மூடியின் இடத்தில் இதை மாட்டிவைத்துக்கொள்ளலாம் என்பதுதான் யோசனை. துளையை மாற்ற வளையம் கிடையாது, எப்போதும் எஃப்8. தானாகக் குவியப்படுத்தும் மோட்டார் கிடையாது. முகப்பில் சிறு நெம்புகோல் ஒன்று மட்டும். அதைத் தள்ளினால் முன்கண்ணாடியை மறைத்திருக்கும் தடுப்பு விலகும். மேலும் நகர்த்தினால் தொலைவிலிருந்து 20 செ.மீ. வரை குவியம் மாறும்.

மோட்டார் இல்லாதது குறையாகத் தெரியலாம். இங்கே அது பெரிய இழப்பில்லை. குவியம் வைத்த தூரத்துக்கு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறதோ அதைத் தெளிவு ஆழம் என்போம். குவியத் தூரம் குறையக் குறைய அது வேகமாக வளரும். 9 மி.மீ., எஃப்8 என்றால், வழக்கமான கணக்கின்படி, சுமார் 70 செ.மீ. தூரத்தில் குவியம் வைத்துவிட்டால் 35 செ.மீ. தொடங்கி கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக இருக்கும். ஒருமுறை வைத்துவிட்டு நாள் முழுக்க மறந்துவிடலாம். மீன்கண் லென்ஸுக்குப் பல ஆயிரம் கூடுதலாகக் கொடுத்து அகலத் துளை வாங்குவது, இரவு வானத்தைப் படமெடுக்கிறவர்களுக்கும் ஆழ்கடலில் இறங்குகிறவர்களுக்கும் மட்டுமே நியாயமான செலவு என்பது என் கருத்து.

நடுவழியும் உண்டு. அதே வகைக் கேமராக்களுக்கு சாம்யாங்கின் 7.5 மி.மீ. எஃப்3.5, பானசோனிக்கின் 8 மி.மீ. எஃப்3.5 இரண்டும் மூலைக்கு மூலை 180 பாகை காட்டுபவை. இரண்டும் 200 கிராமுக்குள். ஒளி மங்கிய மண்டபத்துக்குள்ளும் வேலை செய்யும்.

ஒலிம்பஸ் 9 மி.மீ., சாம்யாங் 7.5 மி.மீ. போல, கேமராவோடு மின்தொடர்பு இல்லாத லென்ஸை மாட்டியவுடன் சில கேமராக்கள் ஷட்டரை அழுத்தினாலும் அசையாது. லென்ஸே இல்லை என்று அவை நினைத்துக்கொள்கின்றன. ‘லென்ஸ் இல்லாமல் படமெடுக்க’ அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் தேடி இயக்க வேண்டும். கேமராவின் உடம்பில் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால், குவியத் தூரத்தை அதற்கும் கையால் உள்ளிட வேண்டும்.

சுருக்கமாக, சிறு மீன்கண் லென்ஸ் வெளிச்சத்தை விட்டுக்கொடுத்துச் சிறிதாகிறது. குறுகிய குவியத் தூரம் தரும் தெளிவு ஆழம் அந்த இழப்பில் பெரும்பகுதியை மறைத்துவிடுகிறது.

கையில் எடுத்தபின்

நெருங்குங்கள். தொடக்கக்காரர்கள் “நிறைய அடங்குகிறதே” என்று மகிழ்ந்து தூரத்தில் நின்று எடுக்கிறார்கள்; மலை கடுகாகி, படம் முழுக்கத் தரையும் வானமுமாக நிற்கிறது. நீங்கள் போதுமான அளவு நெருங்கிவிட்டதாக நினைக்கும் இடத்திலிருந்து இன்னும் பாதித் தூரம் நெருங்க வேண்டும். 20 செ.மீ.-இல் ஆட்டுக்குட்டியின் மூக்கு படத்தை நிரப்பும், அதன் பின்னால் தொழுவம் முழுவதும் இருக்கும். மூக்கு பெரிதாவது லென்ஸின் வளைவால் அல்ல, நீங்கள் அவ்வளவு அருகில் இருப்பதால். எதிரே 20 செ.மீ.-இல் முகத்தை வைத்துப் பார்த்தால் நம் கண்ணுக்கும் அது பெரியதுதான்.

மனிதர்களை நடுவில் வையுங்கள். ஓரத்தில் நிற்பவரை நேர்க்கோட்டு லென்ஸ் ஊதவைக்கும். சமபரப்பு மீன்கண் லென்ஸ் ஒடுக்கி நீட்டும். இரண்டில் எது பரவாயில்லை என்று ஓரத்தில் நிற்பவரே சொல்லட்டும். நெற்றியை மட்டும் லென்ஸுக்கு மிக அருகில் கொண்டுவராதீர்கள். பெரியவர்கள் அந்தப் படத்தை மன்னிப்பதில்லை.

உங்கள் விரல், செருப்பு நுனி, முக்காலியின் கால், கழுத்துப் பட்டை, காலை மாலையில் உங்கள் நிழல் ஆகியவை அழையாமலே படத்துக்குள் வரும். கேமராவை வழக்கமாகத் தாங்கிப் பிடிக்கும் இடக்கையை அடியிலிருந்து எடுத்துவிட்டு, உடம்பின் பக்கவாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். சூரியனும் பெரும்பாலும் படத்துக்குள் இருக்கும். அதைத் தவிர்க்க முயல்வதைவிடத் தூணுக்கோ கிளைக்கோ பின்னால் பாதி மறைத்துவிடுவது எளிது. வானம் இவ்வளவு இடம் பிடித்திருக்கும்போது கேமராவின் ஒளிமானி ஏமாந்து, தரையை இருட்டாக்கிவிடும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டிப் பாருங்கள். வெளியே புடைத்த கண்ணாடி என்பதால் முன்பக்கம் ஃபில்டர் மாட்ட இடம் இருக்காது.

மென்பொருளில் நேராக்கலாமா?

நேராக்கலாம். ஆனால் நேராக்குவது என்பது நிமிர்த்திய குடைக் கம்பிகளை மறுபடி மடக்கி, நிழல் முறைக்கு மாற்றுவது. முன்பு கொடுக்க மறுத்த விலையை இப்போது கொடுக்க வேண்டியிருக்கும். 90 பாகைப் புள்ளியை எந்த மென்பொருளாலும் தட்டையான படத்தில் வைக்க முடியாது என்பதால் ஓரங்கள் வெட்டுப்படும். நடுவிலிருந்து 60 பாகை தள்ளியிருக்கும் பகுதியை நேர்க்கோட்டு முறை வெளிநோக்கி 4 மடங்கு இழுக்கும். சென்சார் அங்கே பதிவுசெய்த நுணுக்கம் அதே அளவுதான் என்பதால், இழுபட்ட இடம் குழைந்து தெரியும். எப்போதாவது ஒரு படத்துக்குச் செய்யலாம். எல்லாப் படத்தையும் நேராக்கப்போகிறீர்கள் என்றால் நேர்க்கோட்டு லென்ஸையே வாங்கிவிடுங்கள்.

செங்குத்துக் கோடுகளை மட்டும் நேராக்கி, படுக்கைக் கோடுகளை வளைவாகவே விடும் இடைநிலை முறைகளும் மென்பொருளில் உண்டு. ஆட்கள் நிறைந்த படங்களுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

வாங்குமுன்

ஒரு சென்சாருக்கான மீன்கண் லென்ஸைச் சிறிய சென்சாரில் மாட்டினால் ஓரங்கள் வெளியே விழுந்து, வளைவும் அகலமும் போய்விடும். 24-க்கு 36 மி.மீ. சென்சாரில் 180 பாகை காட்டும் 15 மி.மீ. லென்ஸ், ஏபிஎஸ்-சி எனப்படும் சற்றே சிறிய சென்சார் கேமராவில் 115 பாகைக்கும் குறைவாகவே காட்டும். அந்தக் கேமராக்களுக்கு 8 முதல் 10 மி.மீ. வரை உள்ளவையே பொருத்தம். கடையில் எண்ணை மட்டும் கேட்காமல், உங்கள் கேமராவில் எத்தனை பாகை என்று கேளுங்கள்.

கைபேசியில் கவ்விக்கொள்ளும் நூறு, இருநூறு ரூபாய் மீன்கண் துண்டுகள் வேறு இனம். அவை தனியாக உருவத்தை விழச்செய்பவை அல்ல. கைபேசியின் சொந்த லென்ஸுக்கு முன்னால் நின்று, அகலமான காட்சியைச் சுருக்கி அதற்கு ஊட்டுபவை. கதவில் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் துளைக் கண்ணாடியும் நம் கண்ணுக்கு முன்னால் அதே வேலையைத்தான் செய்கிறது. ஓரங்களில் நிறங்கள் பிரியும், தெளிவு மங்கும். ஆனால் நடுப்புள்ளி விதி அவற்றிலும் அப்படியே செல்லும். கவ்வும்போது துண்டின் நடுவும் கைபேசி லென்ஸின் நடுவும் ஒன்றன்மேல் ஒன்று வரவில்லையென்றால் வட்டம் ஒருபக்கம் வெட்டுப்பட்டுத் தெரியும். மூன்று லென்ஸ் உள்ள கைபேசியில் எந்த லென்ஸ் இயங்குகிறது என்பதை ஒவ்வொன்றாக விரலால் மறைத்துப் பார்த்துவிட்டுக் கவ்வுங்கள்.